டைனா வாஷிங்டன் ஜாஸ் பாடகியா, ப்ளூஸ் பாடகியா? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கிறது?

நடுராத்திரி ரேடியோ:

வணக்கம் மக்களே. ‘ஷட்டர் ஐலண்ட்’ படம் முடிஞ்சு பேர் ஓடும்போது ஒரு பாட்டு வரும், பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயலின்லாம் மெதுவா ஒரே சோகத்த திரும்பத் திரும்ப இழைச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல ஒரு பெண் குரல் ‘திஸ் பிட்டர் எர்த்’னு ஆரம்பிக்கும். படத்துல என்ன நடந்துச்சுனு பாதி மறந்துபோச்சு, அந்தக் குரல் மட்டும் என்னை விடல. தேடிப் பாத்தா பாடினது டைனா வாஷிங்டன், 1960ல வந்த பாட்டு, அந்த வயலின் பகுதி மேக்ஸ் ரிக்டர் பல வருஷம் கழிச்சு எழுதின வேற இசையாம், படத்துக்காக ரெண்டையும் ஒண்ணா சேத்திருக்காங்க. அப்புறம் ஒரிஜினலையும் கேட்டேன், அதுலயும் அந்தக் குரல் அப்படியேதான் நிக்குது, பின்னாடி என்ன வாசிச்சாலும் அதுக்கு கவலை இல்லாத மாதிரி.

இப்ப என் குழப்பம் என்னன்னா, ஒரு இடத்துல இவங்கள ‘ப்ளூஸ் ராணி’ங்கிறாங்க, இன்னொரு இடத்துல ஜாஸ் பாடகிங்கிறாங்க, கிராமி வாங்கினது ரிதம் அண்ட் ப்ளூஸ் பிரிவுல, ஆனா அந்தப் பாட்டு கேட்டா பாப் மாதிரி இருக்கு. பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் பேரெல்லாம் ஜாஸ் பக்கமே போகாதவங்களுக்குக்கூட தெரியுது, இவங்க பேர் ஏன் அந்த வரிசையில உடனே வர்றதில்ல? நான் படிச்ச கட்டுரைங்கள்லயும் பாதிக்கு மேல எத்தனை கல்யாணம், என்ன ஃபர் கோட்டு, யார்கூட சண்டைங்கிறதுதான் இருக்கு, பாட்டப் பத்தி ரெண்டு வரி. 39 வயசுல இறந்துட்டாங்கன்னு இருக்கு, அது தற்கொலையானு வேற சிலர் கேக்குறாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, எதுல ஆரம்பிக்கணும்னும் சொல்லுங்க.

முள்ளும் தட்டும்:

நண்பா, நல்ல பாட்டு வழியாத்தான் உள்ள வந்திருக்கீங்க. வகை என்னங்கிற கேள்விக்கு வரதுக்கு முன்னாடி அவங்க எங்கிருந்து வந்தாங்கனு பாத்தா பாதி குழப்பம் தானா தீரும்.

நிஜப் பேர் ரூத் லீ ஜோன்ஸ். 1924 ஆகஸ்ட் 29, அலபாமா மாநிலத்துல டஸ்கலூசா ஊர்ல பிறந்தாங்க. சின்ன வயசுலயே குடும்பம் சிகாகோவுக்கு வந்துருச்சு, அந்தக் காலத்துல தெற்கு மாநிலங்கள்ல இருந்த இனவெறி சட்டங்களையும் வறுமையையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்க பாத்து கிளம்பினாங்கல்ல, அதுல இவங்க குடும்பமும் ஒண்ணு. அம்மா ஆலிஸ் சர்ச்சுல பியானோ வாசிச்சவங்க, பொண்ணுக்கு பியானோ சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான். சிகாகோ செயிண்ட் லூக்ஸ் பாப்டிஸ்ட் சர்ச்சுல ரூத் பாடுவாங்க, பியானோ வாசிப்பாங்க, டீன் ஏஜ்லயே பாடகர் குழுவ நடத்துற அளவுக்கு வந்துட்டாங்க. அப்புறம் சாலி மார்ட்டின் நடத்தின பெண்கள் காஸ்பல் (கறுப்பின சர்ச்சுங்களோட பக்திப் பாட்டு) குழுவுல சேந்து ஊர் ஊரா போனாங்க. சாலி மார்ட்டின் சாதாரண ஆள் இல்ல, காஸ்பல் பாட்டோட தந்தைனு சொல்லப்படுற தாமஸ் டோர்சிகூட சேந்து அந்த இசைய நாடு முழுக்க கொண்டுபோனவங்க. அந்த டோர்சியே முன்னாடி ‘ஜார்ஜியா டாம்’ங்கிற பேர்ல பச்சையான ப்ளூஸ் பாட்டுக்கு பியானோ வாசிச்சவர், அதனால சர்ச் பாட்டும் ப்ளூஸும் சிகாகோவுல அப்பவே பக்கத்து வீடுதான், நடுவுல இருந்தது ஒரு சுவர். அந்தச் சுவர மதிக்கணும்ங்கிறது எழுதாத விதி.

இன்னொரு பக்கம் 15 வயசுல ரீகல் தியேட்டர்ல நடந்த அமெச்சூர் போட்டியில ஜெயிச்சாங்க, அதுவும் சர்ச் பாட்டு இல்ல. கொஞ்ச நாள்ல காரிக் ஸ்டேஜ் பார்ல வேலை கிடைச்சுது. கீழ பில்லி ஹாலிடே பாடிட்டிருப்பாங்க, மாடி ரூம்ல இவங்க. அத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, பதினெட்டு வயசு கூட சரியா ஆகாத ஒரு பொண்ணு, வேலை முடிஞ்சா கீழ இறங்கினா பில்லி ஹாலிடே, இதைவிட வேற பள்ளிக்கூடம் என்ன வேணும். அங்கதான் லயனல் ஹாம்ப்டன் இவங்க பாட்ட கேட்டாரு, தன்னோட பேண்டுல சேத்துக்கிட்டாரு. ‘டைனா வாஷிங்டன்’னு பேர் வச்சது யாருங்கிறதுக்கு மூணு பேர் உரிமை கொண்டாடுறாங்க, ஹாம்ப்டன் நான்னாரு, பார் முதலாளி ஜோ ஷெர்மன் நான்னாரு, மேனேஜர் ஜோ கிளேசரும் நான்னாரு. யார் வச்சதா இருந்தா என்ன, அந்தப் பேருக்கு ஒரு அர்த்தத்த கொடுத்தது அவங்கதான்.

ஹாம்ப்டன்கூட இருந்த மூணு வருஷத்துல ரெக்கார்டு ரொம்பக் கம்மி. காரணம் இருக்கு. 1942 ஆகஸ்ட் 1ல இருந்து ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் ஸ்டிரைக் பண்ணிச்சு, இசைத்தட்டு ஜூக்பாக்ஸ்லயும் (காசு போட்டா பாட்டு ஓடுற மெஷின்) ரேடியோலயும் ஓடி ஓடி நேர்ல வாசிக்கிறவன் பிழைப்பு போகுது, கம்பெனிங்க அதுக்கு பணம் கட்டணும்ங்கிறது அவங்க கோரிக்கை. அது தீந்த பிறகும் ஹாம்ப்டன் கம்பெனியான டெக்காவுக்கு வேணும்னு இருந்தது அவரோட துள்ளல் வாத்திய இசைதான், இந்தப் பொண்ணு பாட்டு இல்ல. அதனால கீநோட்னு ஒரு சின்ன கம்பெனிக்கு, 1943 டிசம்பர் கடைசியில, லெனர்ட் ஃபெதர் எழுதின ‘ஈவில் கேல் ப்ளூஸ்’, ‘சால்ட்டி பாப்பா ப்ளூஸ்’லாம் பாடினாங்க. 19 வயசு. கேட்டுப் பாருங்க, அந்த வயசுக்குரிய தயக்கம்னு ஒண்ணு தேடினாலும் கிடைக்காது.

1946ல மெர்குரி கம்பெனியில சேந்தாங்க, பதினஞ்சு வருஷத்துக்கு மேல அங்கதான். ‘ஆம் ஐ ஆஸ்கிங் டூ மச்’ 1948ல, ‘பேபி கெட் லாஸ்ட்’ 1949ல, ரெண்டும் கறுப்பின மக்களுக்கான பட்டியல்ல முதலிடம். 1948லேர்ந்து 1955க்குள்ள மட்டும் அந்தப் பட்டியல்ல முதல் பத்துக்குள்ள 27 பாட்டு. ‘ஜூக்பாக்ஸ் ராணி’னு சொன்னது சும்மா இல்ல.

இப்ப உங்க முதல் கேள்வி. பில்போர்ட் பத்திரிகை அந்தப் பட்டியலுக்கு 1949 ஜூன் வரைக்கும் வச்சிருந்த பேர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது ‘இனத் தட்டுகள்’, அதுக்கப்புறம்தான் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’னு மாத்தினாங்க. அதாவது பேர் வச்சது இசைய பாத்து இல்ல, வாங்குறவன் தோல பாத்து. டைனா என்ன பாடினாலும் அது அந்தப் பட்டியல்லதான் போய் விழும். 1951ல ஹாங்க் வில்லியம்ஸ் எழுதின ‘கோல்ட் கோல்ட் ஹார்ட்’ எடுத்துக்கோங்க, அவர் பாடினா கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், டோனி பென்னெட் பாடினா பாப் பட்டியல்ல முதலிடம், அதே வருஷம் டைனா பாடினா ரிதம் அண்ட் ப்ளூஸ்ல மூணாவது இடம். ஒரே பாட்டு, ஒரே வருஷம். அப்ப வகைங்கிறது பாட்டுலயா இருந்துச்சு? அதனால ஜாஸா ப்ளூஸானு கேக்குறதுக்கு எனக்கு ஒரே பதில்தான், அவங்க எதுலயும் பாடும் முறைய மாத்திக்கல, கடையில அவங்க தட்ட வைக்கிற ரேக்கத்தான் மத்தவங்க மாத்தினாங்க.

பன்னிரண்டு பார்:

நல்லா எழுதியிருக்கீங்க தோழர், ஆனா ‘பாடும் முறைய மாத்திக்கல’ங்கிறதுல எனக்கு முழு சம்மதம் இல்ல. 1959க்கு முன்னாடி இருந்த டைனா வேற, அதுக்கப்புறம் வயலின் கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற டைனா வேற. ஆரம்ப கால ப்ளூஸ் பாட்டுல என்ன நடக்குதுனு பாருங்க. பார்னா நம்ம ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று, ப்ளூஸ்ல பன்னிரண்டு பார்ங்கிறது நாலு நாலா மூணு பங்கு, முதல் வரி, அதையே இன்னொரு தடவ, மூணாவதா அதுக்கு பதில். ஒவ்வொரு நாலு பார்லயும் பாடுறவங்க வரி பாதிக்குக் கொஞ்சம் மேல முடிஞ்சிரும், மிச்ச இடம் வாத்தியத்துக்கு. ‘ஈவில் கேல் ப்ளூஸ்’ல அந்த மிச்ச இடத்துல ஆர்நெட் காப் டெனர் சாக்ஸஃபோன்ல பேசுறத கேளுங்க, டைனா ஒண்ணு சொல்ல அவர் ஒண்ணு சொல்ல, ரெண்டு பேர் வாசல்ல நின்னு பேசிக்கிற மாதிரி இருக்கும். ‘லாங் ஜான் ப்ளூஸ்’னு ஒண்ணு இருக்கு, பல் டாக்டர்கிட்ட போன கதை, வெளிய பாத்தா பல்லு வலி, உள்ள வேற விஷயம். முகத்துல ஒரு மாற்றமும் இல்லாம நேரா பாடுவாங்க, அந்த நேர்மையிலதான் குறும்பே இருக்கு. இந்த உயிர் எல்லாம் பின்னாடி வந்த ஆர்கெஸ்ட்ரா பாட்டுல எங்க போச்சு? பதினஞ்சு இருபது வயலின், பின்னணிக் கோரஸ், எல்லாப் பாட்டும் மூணு நிமிஷத்துக்குள்ள, சாக்ஸ் வாசிக்க ஒரு மூச்சு இடம் கிடையாது. கம்பெனி அவங்கள வெள்ளைக்காரங்க வீட்டு ஹால்ல வைக்கிறதுக்காக மெழுகு பூசிட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். அந்தக் காலத்துல பல ஜாஸ் விமர்சகர்களும் அதையேதான் சொன்னாங்க.

நடுராத்திரி, உங்களுக்கு என் யோசனை, மெர்குரியில 1946லேர்ந்து 1952 வரைக்கும் உள்ளத கேளுங்க. ‘ட்ரபிள் இன் மைண்ட்’ 1952ல பாடினது, பழைய ப்ளூஸ், எத்தனையோ பேர் பாடியிருக்காங்க, இவங்க பாடினா மட்டும் அந்தக் கவலை எனக்கு நேத்து வந்த மாதிரி இருக்கும்.

டெனர் மீனா:

ரெண்டு பேரும் பேசுறதுக்கு நடுவுல ஒரு பெரிய துண்டு விட்டுப்போகுது, 1954. ‘டைனா ஜாம்ஸ்’ பத்தி யாருமே சொல்லலையே!

லாஸ் ஏஞ்சலஸ்ல ஆகஸ்ட் மாசம், ஸ்டூடியோவுக்குள்ளயே ஆட்கள கூப்பிட்டு உக்கார வச்சு, நேரடியா பதிவு பண்ணினது. மெர்குரியோட ஜாஸ் பிரிவு எமார்சி வெளியிட்டாங்க. வாசிச்சவங்க பேர பாருங்க: ட்ரம்பெட் மூணு, கிளிஃபர்ட் பிரவுன், க்ளார்க் டெரி, மேனார்ட் ஃபெர்குசன். டெனர் சாக்ஸ்ல ஹெரால்ட் லேண்ட், ஆல்டோ சாக்ஸ்ல ஹெர்ப் கெல்லர், பியானோவுல ஜூனியர் மான்ஸும் ரிச்சி பவலும், ட்ரம்ஸ் மேக்ஸ் ரோச். அந்தக் கூட்டத்துல ‘லவர் கம் பேக் டு மீ’ என்ன வேகத்துல போகுதுனு கேளுங்க, சாதாரணமா பாடகிங்க அந்த வேகத்துல வார்த்தைய விழுங்கிருவாங்க, இல்ல ஸ்கேட் (வார்த்தை இல்லாம வெறும் ஒலியா பாடுறது) பாடித் தப்பிச்சுருவாங்க. டைனா ஸ்கேட் பக்கமே போறதில்ல. ஒரு எழுத்து கூட கலங்காம, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா காதுல வந்து விழும். அப்புறம் ‘தேர் இஸ் நோ கிரேட்டர் லவ்’ல அதே ஆளு, அவ்வளவு மெதுவா, வரிய எங்க வெட்டணும்னு அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி வெட்டி வெட்டிப் பாடுறாங்க.

என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்கள புரிஞ்சுக்க ரெண்டு விஷயம் கவனிச்சா போதும். ஒண்ணு, மெய்யெழுத்து. மத்தவங்க உயிரெழுத்த இழுத்து அழகு காட்டுவாங்க, இவங்க ட், க், ப் மாதிரி வல்லின ஓசைய நறுக்குனு வைப்பாங்க, தாளமே அதுல இருந்துதான் வரும், ட்ரம்ஸ் இல்லாட்டியும் உங்களால கால் தட்ட முடியும். மைக் இல்லாத சர்ச்சுல கடைசி பெஞ்சு வரைக்கும் வார்த்தை போய்ச் சேரணும்ங்கிற பழக்கம் அது. ரெண்டு, வரியோட முடிவு. சாரா வான் ஒரு ஸ்வரத்த பிடிச்சா அத மேல கீழ வளைச்சு சங்கதி மேல சங்கதியா போட்டுக்கிட்டே போவாங்க, அது ஒரு அழகு, நான் சாராவுக்கும் ரசிகைதான். டைனா ஒரே ஒரு சங்கதி போட்டு, பட்டுனு நிறுத்திருவாங்க. அந்த நிறுத்தத்துக்கு அப்புறம் வர்ற அமைதியும் அவங்க பாட்டுதான்.

வாத்தியக்காரங்க அவங்கள மதிச்சதுக்கும் காரணம் இருக்கு, அவங்களே பியானோ வாசிக்கத் தெரிஞ்சவங்க, ஒண்ணா சேத்து அழுத்துற ஸ்வரக்கூட்டு (கார்டு) தப்பா விழுந்தா திரும்பிப் பாத்துருவாங்க. அவங்ககிட்ட வாசிச்ச விண்டன் கெல்லியும் ஜிம்மி காபும் பின்னாடி ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ்கிட்ட போய் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ங்கிற புகழ்பெற்ற ஜாஸ் தட்டுல வாசிச்சவங்க. 1955ல ‘ஃபார் தோஸ் இன் லவ்’ தட்டுக்கு இசை அமைச்சது க்வின்சி ஜோன்ஸ், அப்ப அவருக்கு 22 வயசு, பேர் தெரியாத ஆளு.

1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவ படமா எடுத்தாங்கல்ல, ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’, அதுல ‘ஆல் ஆஃப் மீ’ பாடுறாங்க. நடுவுல டெரி கிப்ஸ் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைங்கள குச்சியால தட்டுற வாத்தியம்) வாசிச்சுட்டிருக்காரு, டைனா போய் குச்சிய எடுத்து அவர்கூட சேந்து வாசிக்க ஆரம்பிச்சுருவாங்க, முகம் பூரா சிரிப்பு. சோகப் பாட்டுக்காரினு மட்டும் நினைச்சுட்டிருக்கிற யாருக்கும் நான் முதல்ல காட்டுறது அந்தக் காட்சியத்தான்.

முள்ளும் தட்டும்:

மீனா, வல்லின ஓசைய பத்தி நீங்க சொன்னத நான் இத்தனை வருஷமா வார்த்தைல சொல்ல முடியாம தவிச்சிட்டிருந்தேன், நன்றி.

பன்னிரண்டு பார் தோழருக்கு: மெழுகு பூசினாங்கங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். ‘வாட் எ டிஃப்ரன்ஸ் எ டே மேக்ஸ்’ எடுத்துக்குவோம், 1959. மூலம் மெக்சிகோ இசையமைப்பாளர் மரியா க்ரேவர் ஸ்பானிஷ்ல எழுதினது, ஆங்கிலத்துல 1934லயே வந்து பழசாகிப்போன பாட்டு. பெல்ஃபோர்ட் ஹெண்ட்ரிக்ஸ் ஆர்கெஸ்ட்ரா அமைச்சாரு, க்ளைட் ஓட்டிஸ் தயாரிப்பு. ஓட்டிஸ் பெரிய கம்பெனி ஒண்ணுல அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்கள்ல ஒருத்தர், அதனால ‘கம்பெனி பூசிச்சு’னு ஒரே வரியில தள்ளிட முடியாது, இது கறுப்பினக் கலைஞர்கள் மூணு பேர் சேந்து எடுத்த முடிவு. வயலின் என்ன பண்ணுதுனு கவனிங்க, நீளமா, வழவழப்பா, ஒரே நீரோட்டமா போகுது. பின்னாடி தாளம் மூணு மூணா தட்டிட்டே இருக்கு. அதுக்கு மேல டைனா குட்டி குட்டித் துண்டா, முடிவ வெட்டி, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல இடம் விட்டுப் பாடுறாங்க. சாக்ஸ் இருந்த இடத்துல வயலின் வந்திருக்கு, அவ்வளவுதான், கேள்வி பதில் அமைப்பு அப்படியே இருக்கு. வயலினும் சேந்து வெட்டி வெட்டி வாசிச்சிருந்தா இவங்க வெட்டுறது காதுக்கே தெரிஞ்சிருக்காது. அது பாப் பட்டியல்ல எட்டாவது இடம் வந்துச்சு, கிராமியும் வாங்கிச்சு, ஆனா கிராமி கொடுத்தவங்க பாப் பிரிவுல கொடுக்கல, ரிதம் அண்ட் ப்ளூஸ்லதான் கொடுத்தாங்க. இத்தனை வயலின் இருந்தும் ரேக் மாறல பாருங்க.

அடுத்த வருஷம் ப்ரூக் பெண்டன்கூட ரெண்டு ஜோடிப் பாட்டு, ரெண்டுமே பாப் பட்டியல்ல முதல் பத்துல, ரிதம் அண்ட் ப்ளூஸ்ல முதலிடம். ‘பேபி, யூ காட் வாட் இட் டேக்ஸ்’ல பெண்டன் தப்பான இடத்துல உள்ள வந்துருவாரு, டைனா பாட்டுக்கு நடுவுலயே “மறுபடி என் இடத்துக்கு வந்துட்டியே கண்ணு”ங்கிற மாதிரி ஒண்ணு சொல்லி அவர வெளிய அனுப்புவாங்க, அந்தப் பதிவையே அப்படியே வெளியிட்டாங்க. மெழுகு பூசுற கம்பெனி அத வெட்டி எறிஞ்சிருக்கும்.

நடுராத்திரி கேட்ட ‘திஸ் பிட்டர் எர்த்’தும் அதே 1960, எழுதினது ஓட்டிஸ், அதுவும் ரிதம் அண்ட் ப்ளூஸ்ல முதலிடம். உங்களுக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருந்தா ‘கில்லர் ஆஃப் ஷீப்’னு சார்லஸ் பர்னெட் எடுத்த படம் பாருங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல கறுப்பின மக்கள் இருக்கிற வாட்ஸ் பகுதி, கறிக்கூடத்துல வேலை பாக்குற ஒருத்தன், அவன் மனைவி. இருட்டு ரூம்ல ஜன்னல் பக்கத்துல ரெண்டு பேரும் அந்தப் பாட்டுக்கு மெதுவா ஆடுவாங்க, முழுப் பாட்டும் ஓடும், பேச்சு கிடையாது. ‘ஷட்டர் ஐலண்ட்’ல அந்தக் குரல் ஒரு மர்மப் படத்துக்கு அழகு சேக்குது, இங்க அது யார் வாழ்க்கையிலருந்து வந்துச்சோ அவங்க வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கு.

சாரு அக்கா:

நீங்க மூணு பேரும் இசைய அழகா சொல்லிட்டீங்க, அந்தத் தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் வரேன், ஏன்னா அது எனக்கு ரொம்ப நாளா மனச உறுத்துற விஷயம்.

தற்கொலை இல்ல தம்பி. 1963 டிசம்பர் 14 காலையில டெட்ராய்ட் வீட்டுல அவங்க கணவர் டிக் லேன், ‘நைட் ட்ரெய்ன்’னு பேர் எடுத்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர், டெட்ராய்ட் லயன்ஸ் டீம்ல இருந்தவர், அவர்தான் அவங்கள உயிரில்லாம பாத்தாரு. அதே வருஷம் ஜூலைலதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. பிரேதப் பரிசோதனையில செக்கோபார்பிட்டால், அமோபார்பிட்டால்னு ரெண்டு தூக்க மருந்து சேந்து இருந்ததா தெரிஞ்சுது, தற்செயலான மரணம்னுதான் முடிவு பண்ணினாங்க. இந்த பார்பிட்யூரேட் வகை மருந்துங்க எப்படின்னா, தூங்க வைக்கிற அளவுக்கும் மூச்ச நிறுத்துற அளவுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்பச் சின்னது, தொடர்ந்து எடுத்தா உடம்பு பழகிப்போய் தூக்கம் வர இன்னும் கூட வேணும்னு கேக்கும், ஆனா மூச்சு நிக்கிற அளவு அதே மாதிரி ஏறாது. அதோட மதுவும் சேந்தா கேக்கவே வேணாம். அந்தக் காலத்துல டாக்டருங்களே சர்வசாதாரணமா எழுதிக் கொடுத்த மாத்திரைங்க. டைனா உடம்பு எடைய குறைக்கணும்னு ரொம்பக் கஷ்டப்பட்டாங்க, அதுக்கு எடுத்துக்கிட்ட மாத்திரை தூக்கத்த கெடுக்கும், கெட்ட தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, நடுவுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிளப்புல ஷோ. இது குணக்கேடு இல்ல, அந்தத் தொழில்ல இருந்த பொண்ணுங்க மேல ‘மேடையில இப்படித்தான் இருக்கணும்’னு வச்ச சுமை. ஒல்லியா இருக்கணும், பளபளன்னு இருக்கணும், அடுத்த ஊர்ல நாளைக்கே சிரிச்சுக்கிட்டு நிக்கணும்.

கல்யாணக் கணக்குல எனக்கு ஆர்வமே இல்ல. ஏழுங்கிறாங்க, கூடவும் சொல்றாங்க, அதே காலத்துல பேண்டு நடத்தின ஆம்பளைங்களுக்கு யாரும் இப்படி விரல் விட்டு எண்ணல. ரெண்டு பையன்கள வளத்தாங்க, ஒரு பேண்டுக்கே சம்பளம் கொடுத்தாங்க, தெற்கு மாநிலங்கள்ல ஹோட்டல்ல ரூம் கொடுக்காத, சாப்பாட்டுக் கடையில உள்ள விடாத காலத்துல ஊர் ஊரா பஸ்லயும் கார்லயும் போய் பாடினாங்க, தன்ன ‘ராணி’னுதான் கூப்பிடணும்னு நிலைநாட்டினாங்க. பத்திரிகைக்காரங்க அத திமிர்னு எழுதினாங்க. பெஸ்ஸி ஸ்மித்துக்கு ‘ப்ளூஸ் மகாராணி’னு பட்டம் இருந்துச்சு, அந்த வரிசையில நான் வரேன்னு சொல்றதுல திமிர் எங்க இருக்கு? 1958ல பெஸ்ஸி பாட்டா மட்டும் ஒரு முழு எல்பி தட்டு பாடினவங்க அவங்க, அப்ப பெஸ்ஸி இறந்து இருபது வருஷம் தாண்டியாச்சு.

இன்னொண்ணு சொல்லணும். வெளி இசைக்குப் போன பிறகு சர்ச் பாட்ட அவங்க கிளப்புல பாட மாட்டாங்க, ரெக்கார்டுலயும் அநேகமா தொடல, கிறிஸ்மஸுக்குன்னு ஒரு தட்டு உண்டு, அவ்வளவுதான். ரே சார்ல்ஸ் காஸ்பல் மெட்ட எடுத்து காதல் பாட்டாக்கி பெரிய ஆளாயிட்டிருந்த அதே வருஷங்கள்ல இவங்க அத செய்யல. ஆனா ஒவ்வொரு ப்ளூஸ்லயும் அந்தப் பெண்கள் காஸ்பல் குழுவுல நின்ன பொண்ணு தெரியுது.

பன்னிரண்டு பார்:

அக்கா, நீங்க சொன்ன மருந்து விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, நல்ல வேளை எழுதினீங்க.

முள்ளும் தட்டும், கேள்வி பதில்ல வயலின் வந்து நின்னுச்சுங்கிற உங்க வாதத்துக்காக அந்தப் பாட்ட இப்ப திரும்பக் கேட்டேன், சரியான கவனிப்புதான், ஆனாலும் ஆர்நெட் காப் பதில் சொன்னா அவங்க அடுத்த வரிய வேற மாதிரி எடுப்பாங்க, எழுதி வச்ச வயலின் பதில் சொன்னா அவங்களால அதுக்கு எதுவும் செய்ய முடியாது, நோட்டு மாறாது. எனக்கு அந்த வித்தியாசம் பெருசு. 1962ல மெர்குரிய விட்டு ரூலெட் கம்பெனிக்குப் போன பிறகு ‘பேக் டு தி ப்ளூஸ்’னு ஒரு எல்பி பண்ணினாங்க, பேரே சொல்லுது, அவங்களுக்கும் அந்த ஏக்கம் இருந்திருக்கணும்னு நான் நம்புறேன். அதுல இருக்கிற கனத்த கேட்டா இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா என்னென்ன பாடியிருப்பாங்கனு வயித்தெரிச்சலா இருக்கு.

நடுராத்திரி ரேடியோ:

இவ்வளவு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாரு அக்கா, அந்த விளக்கத்துக்கு தனியா நன்றி, படிச்ச கட்டுரைங்க எல்லாம் அத ஏதோ கிசுகிசு மாதிரி முடிச்சிருந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ‘ஈவில் கேல்’ கேட்டேன், ‘டைனா ஜாம்ஸ்’ல முதல் ரெண்டு பாட்டு கேட்டேன், மீனா சொன்ன வல்லின ஓசைய ஒரு தடவ கவனிச்ச பிறகு இப்ப காது அத மட்டும்தான் தேடுது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லல. பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் வரிசையில இவங்க பேர் ஏன் விட்டுப்போகுது?

டெனர் மீனா:

என் எண்ணத்த சொல்றேன். அந்த வரிசைய எழுதினவங்க ஜாஸ் விமர்சகர்கள், அவங்களுக்கு ஜூக்பாக்ஸ்ல ஓடுறவங்க மேல ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. ப்ளூஸ் வரலாற எழுதினவங்களுக்கோ கிட்டார் பிடிச்ச ஆம்பளைங்கதான் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க, கவுன் போட்டு ஆர்கெஸ்ட்ராகூட நிக்கிற பொண்ணு தெரியல. ராக் வந்த பிறகு பாப் பக்கமும் மறந்துருச்சு. மூணு பேரும் அடுத்தவன் சொல்லட்டும்னு விட்டுட்டாங்க. போதாததுக்கு 39 வயசுல போயிட்டாங்க, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் மாதிரி, சாரா மாதிரி அறுபது எழுபது வயசுல உலகம் சுத்தி கச்சேரி பண்ணி அடுத்த தலைமுறைக்கு நேர்ல பாட வாய்ப்பே இல்ல.

ஆனா பாடகிங்க மறக்கல, அதுதான் எனக்கு முக்கியம். டைனா இறந்து சில மாசத்துல, 1964ல, அரீத்தா ஃபிராங்க்ளின் அவங்க பாட்டுகள பாடி ஒரு முழு அஞ்சலி எல்பி வெளியிட்டாங்க, அப்ப அரீத்தாவுக்கு 21 வயசு. டைனா அரீத்தாவோட அப்பாவுக்கு நண்பர், அதனால அரீத்தா சின்னப் பொண்ணா இருந்தப்பவே வீட்டுல பாத்திருக்காங்க. நான்சி வில்சன், எஸ்தர் ஃபிலிப்ஸ், எட்டா ஜேம்ஸ் மூணு பேர் பாட்டுலயும் அந்த நறுக்கு இருக்கும், எஸ்தர்ல ரொம்பவே, அவங்க 1975ல ‘வாட் எ டிஃப்ரன்ஸ்’ஸையே டிஸ்கோவா பாடி ஹிட் ஆச்சு. அதிகாரப்பூர்வ மரியாதையெல்லாம் தாமதமாத்தான் வந்துச்சு, 1993ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல முன்னோடினு சேத்தாங்க, அதே வருஷம் அமெரிக்கத் தபால்தலை.

முள்ளும் தட்டும்:

வரிசை கேட்டிருந்தீங்கல்ல, இப்படிப் போங்க. முதல்ல ‘ஃபார் தோஸ் இன் லவ்’, க்வின்சி ஜோன்ஸ் அமைப்புல எல்லாத்துக்கும் நடுவுல இருக்கிற தட்டு அதுதான், சின்ன பேண்டு, வாத்தியத்துக்கும் இடம் இருக்கு, பாட்டும் மெதுவா. அதுல ‘ப்ளூ கார்டீனியா’ உண்டு, க்ளின்ட் ஈஸ்ட்வுட் ‘பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி’ படத்துல வச்சிருந்தாரே அதேதான். அடுத்து ‘டைனா ஜாம்ஸ்’ மிச்சத்தையும் முடிங்க. அப்புறம் பெஸ்ஸி ஸ்மித் பாட்டுகள் தட்டு, அதுக்கு முன்னாடி பெஸ்ஸியே பாடின ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ 1927 பதிவ ஒரு தடவ கேட்டுக்கோங்க, ஒப்பிட்டுப் பாக்க நல்லாருக்கும். அதுக்கப்புறம் 1959, 1960 வயலின் பாட்டுங்க. பன்னிரண்டு பார் சொல்ற நாற்பதுகள கடைசியா வச்சுக்கோங்க, மட்டம்னு இல்ல, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற அந்தப் பழைய தட்டுங்களோட இரைச்சலுக்கு காது பழக கொஞ்சம் நேரம் ஆகும்.

மெர்குரி பதிவு முழுசும் எண்பதுகளோட கடைசியில ஏழு பெட்டியா சிடில வந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் மூணு சிடி. பழைய கடையில எங்கயாவது கண்ணுல பட்டா முதல் பெட்டிய விட்டுராதீங்க.

பன்னிரண்டு பார்:

நாற்பதுகள கடைசியா வைக்கச் சொல்றது எனக்கு சம்மதமே இல்ல, முதல் பெட்டிய முதல்லயே கேளுங்க நடுராத்திரி. இரைச்சலுக்கு ரெண்டு பாட்டுல பழகிரும்.